கவலை இல்லாதவர்கள் பட்டியல்

எண்பதுகளின் தொடக்கம். காட்பாடியில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் கண்ணாடி போட்ட ஒருவர், பக்கத்திலிருந்த நரைத்த அம்மாளிடம் சொன்னார்:

"அக்கா, உன் ரத்தத்தக் கீழ கொட்டிட்டேன்."

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"எந்த ரத்தம்டா?"

"போன வருஷம் ஆராய்ச்சிக்கு எடுத்தனே. மனசுல பாரம் இருந்தா ரத்தத்துல ஒரு ஹார்மோன் ஏறும். தோல் பதப்படுத்தற ஷாப் ஆளுங்களுக்கு எவ்ளோ ஏறுதுன்னு பார்த்தேன். ஒப்பிட்டுப் பாக்க, கவலையே இல்லாதவங்க வேணும். நீதான் எப்பவும் சிரிச்சிக்கினே இருப்பியேன்னு உன் பேர எழுதிட்டேன்."

"சரி, அதுக்கின்னா?"

"அந்த ஆளுங்க எல்லாரையும் விட உனக்குத்தான் ஜாஸ்தி. மெஷின் தப்புன்னு மறுபடி பார்த்தேன். அதேதான் வந்துது. கட்டுரை கெட்டுடும்னு உன் பேர அடிச்சிட்டுக் கொட்டிட்டேன்."

"அப்புறமாச்சும், இன்னா கவலைன்னு என்னக் கேட்டியாடா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இப்பக் கேக்கறேன். சொல்லுக்கா."

"ஆம்பூர் வந்துடுச்சு. பையை எடு."

வண்டி அப்போதுதான் குடியாத்தத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. ஆம்பூருக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவர் எழுந்து, மேலேயிருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.