மணியம்மையின் கல்யாண டேப்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் பக்தவச்சலம் அவர்களே, அரக்கோணத்திலிருந்தும் கே.ஜி.கண்டிகையிலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வீடியோகாரர்களே, நம் கோதண்டத்தை இழந்து நிற்கும் அவர் மனைவி அனிதா அம்மா அவர்களே, வணக்கம்.

நான் வீரபத்திரன். நம் சங்கச் செயலாளர் கோதண்டத்தின் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு பூக்கடைதான். பதினோரு வருஷமாக அவர்மேல் எனக்குப் பொறாமை. சற்றுமுன் இந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோதுகூட, நான் போனால் இத்தனை பேர் வருவார்களா என்றுதான் எண்ணினேன்.

2005இல் வைரஸ் புகுந்து என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கோதண்டமோ லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, வைரஸ் தொல்லையே இல்லாமல் வேலை செய்தார். அவரால் முடிந்தது என்னால் முடியாதா? நானும் அதே லினக்ஸ் போட்டேன். கேமராவை மாட்டினேன். கேமராவே இல்லை என்றது கம்ப்யூட்டர். நான்கு நாள் மாட்டினேன், கழற்றினேன். அதே பதில்.

கேமராவில் இருந்தது மணியம்மையின் கல்யாண டேப். தாலி கட்டிய ஒன்பதாம் நாள் அவருடைய தகப்பனார் தவறிவிட்டார். அவர் குரல் அதில் மட்டும்தான் இருந்தது. டேப்போ கசங்கியிருந்தது. மறுபடி மறுபடி ஓட்டினால் அறுந்துவிடும். ஒரே ஓட்டத்தில் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

"அண்ணா, நைனா பேசறத ஒருதரம் கேக்கணும்ங்க," என்று மணியம்மை தினமும் வந்து நின்றார். கோதண்டத்திடம் கொடுத்திருக்கலாமே? கொடுக்க மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் அவர் அழுதுவிட்டார். அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கோதண்டத்திடம் போனேன்.

"கேமரா வந்துகினுதான் இருக்குது பாவா. உள்ள பாக்க லினக்ஸ் உனக்கு அனுமதி தரல, அவ்ளோதான்," என்றார். கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளை அடித்தார். படம் வந்தது. "மாப்ளே, எம் பொண்ணு காரம் தூக்கலா போடும், பொறுத்துக்குங்க," என்று அந்தத் தகப்பன் பேசினார். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை நான் மன்னித்தேனா? இல்லை.

மணியம்மை வந்தபோது, "வீரபத்திரன்தாம்மா எடுத்தாரு," என்றார் கோதண்டம். மணியம்மை என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறுக்கவில்லை.

மணியம்மை, முன்வரிசையில் இருக்கிறீர்கள். அதைச் செய்தது நான் இல்லை. கோதண்டம்.

அனிதா அம்மா, அவர் பாதியில் விட்டுப்போன நான்கு கல்யாண வீடியோக்களையும் நான் முடித்துக் கொடுக்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கேட்பேன். நான்கிலும் அவர் பெயர்தான் இருக்கும்.