முட்டைகள் ஆறிக்கொண்டிருக்க ஜெனரேட்டரை நிறுத்திய பெரியக்காவுக்கு

குஞ்சு பொரிப்பகத்தின் கண்ணே, கலங்கிய வேளையெல்லாம் எங்களைக் காத்த கரமே, மேற்பார்வையாளர் பொறுப்பிலிருந்து இன்று விடைபெறும் எங்கள் பெரியக்காவே! வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறோம்!

பாராட்டு என்றால் ஒருவர் சாதித்ததைச் சொல்ல வேண்டும். நடக்காமல் போன ஒன்றுக்காக ஒருவரை எப்படிப் பாராட்டுவது? எழுத உட்கார்ந்ததுமே எங்களுக்குள் குழப்பம். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறோம்.

பெருமழையில் மின்சாரம் நின்ற பிற்பகல் அது. வாடகைக்கு வந்த சிறிய ஜெனரேட்டரை, புகை உள்ளே புகாதபடி சன்னல்களுக்கு எட்டத்தில், நனையாத கூரையின்கீழ் நிறுத்தச் சொன்னீர்கள். வயர் இழுத்துப் பொரிப்பெட்டிகளை இணைத்தோம். பெட்டிகள் ஓடின, உடனே நின்றன. ஜெனரேட்டரில் நாங்கள் சொருகியது, மின்கசிவு இருந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பிளக் பாயிண்ட். மறுபடி போட்டோம், மறுபடியும் 'டக்'கென்று விழுந்தது. உள்ளேயோ, உயிர் துடிக்கும் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"அக்கா, இந்த பாயிண்ட்தான் கோளாறு. பக்கத்துல சாதா பாயிண்ட் இருக்கு பாருங்க, அதுல சொருகிட்டா ஓடிடும்" என்றார் ஜெனரேட்டரை ஏற்றி வந்த வண்டி ஓட்டுநர். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

தாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாயிண்டிலேயே இருந்த சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்கள். "பட்டன் அமுக்கினா சரியாத்தான் விழுது. அப்போ பாயிண்ட் மேல தப்பில்ல. எங்க கசியுதுன்னு எனக்கும் புரியல. புரியற வரைக்கும் மெஷின நிறுத்துங்க."

நிறுத்துவதா! பதறினோம், புலம்பினோம், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தோம். தாங்களோ அசையவில்லை. ஜெனரேட்டர் அடங்கியதும் பிளக்குகளையெல்லாம் பிடுங்கச் சொல்லி, வயர்களை முழ முழமாகத் தடவிப் பார்க்க வைத்தீர்கள்.

வயர் கடந்துபோன தட்டு கழுவும் முற்றத்தில், தேங்கிய தண்ணீரில், ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது கசிந்த இடம். எலி கடித்து ரப்பர் உரிந்து, செம்பு பளபளத்தது. அந்தத் தண்ணீரில்தான் வெறுங்காலோடு நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தாள் எங்களோடு வேலை செய்யும் தங்கை ஒருத்தி.

"காலுல ரெண்டு தடவ சுருக்குன்னுச்சுக்கா. எறும்புன்னு நெனச்சேன்" என்றாள்.

ஓட்டுநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாங்கள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உலர்ந்த படியில் ஏற்றினீர்கள்.

வெளியில் இழுக்கத்தக்க தடித்த மூன்று கம்பி வயர் வாங்கி வந்து, தரையில் படாமல் கொக்கிகளில் தொங்கவிட்டு ஓட்டினோம். அதற்குள் ஒரு பெட்டி முட்டை வீணாகிவிட்டது. முதலாளி முகம் சிவக்க வந்தார்.

"பாயிண்ட மாத்திப் போட்டிருந்தா பொழச்சிருக்கும்ல?"

"முட்டை பொழச்சிருக்கும் ஐயா" என்றீர்கள். முதலாளி ஈர முற்றத்தையும், படியில் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் ஒரு துணிவு வேண்டுமா? வேண்டும் போலிருக்கிறது. அதற்கு என்ன அடைமொழி இடுவதென்று இன்றுவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. 'பெரியக்கா' என்றே விட்டுவிட்டோம்.

பொறுமையின் பெட்டகமே! நோய் நொடி அண்டாது, நிறைந்த ஆயுளோடு நீடு வாழ்க! விடியுமுன் எழும் அவசரமின்றி, வெயில் ஏறும்வரை உறங்குக! அத்தானோடு ஆற அமர உண்டு மகிழ்க! ஆனால் கைப்பேசியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், அக்கா. நாளைக்கே ஏதாவது புரியாமல் போகும்.

இங்ஙனம்,
சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கையொப்பமிடும்
பொரிப்பகப் பணியாளர்கள்