‘கொப்பி சரி’ என்பதை நம்பாத முஹ்ஸின் சேர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் பணிப்பாளர் ஹுதைபா அவர்களே, நம்மை விட்டுப் பிரிந்த மர்ஹூம் முஹ்ஸின் சேரின் அருமை மகள் ருஷ்தா அவர்களே, இங்கே பல்லேகலயிலும் கட்டுகஸ்தோட்டைக் கிளையிலும் வேலை செய்யும், துயரத்தோடு வந்திருக்கும் சக ஊழியர்களே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் ரமேஸ். ஜெனரேட்டரையும் ஏசியையும் பார்க்கிறவன். ஓ.எல். பரீட்சையில் கணிதம் என்னை இரண்டு தடவை வென்றது. காலையில் என் மகள் சுதர்சினி கேட்டாள்: “அப்பா, போன்ல போட்டோ அனுப்பவே என்னைக் கூப்பிடுறீங்க. சேர்வரைப் பத்தி மைக்ல பேசப் போறீங்களா?” பேசத்தான் வேண்டும்! கட்டுகஸ்தோட்டைக்கு முஹ்ஸின் சேரை வேனில் கூட்டிப்போனவன் நான்தானே.

முஹ்ஸின் சேர் யார்? எங்கள் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். படித்தவர், பண்பானவர். அத்தனைக்கும் மேலே, சந்தேகக்காரர்! மனிதரைச் சந்தேகித்தாரா? இல்லை. ‘எல்லாம் சரி’ என்று இயந்திரம் சொன்னால் சந்தேகித்தார்.

நோயாளிகளின் விபரங்களில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் பல்லேகல சேர்வரில் ஒரு கோப்பில் ஏறும். ஆர்க்கைவ் லொக் என்பார்கள். அது தானாகவே கட்டுகஸ்தோட்டை சேர்வருக்குக் கொப்பியாகும். பிறகு இங்கே அழிந்துவிடும். இங்குள்ளது பழுதானால், அங்குள்ள முழுப் பெக்அப்பின் மேல் இந்தக் கோப்புகளை வரிசையாக ஓட்டி எல்லாவற்றையும் மீட்கலாம். நடுவில் ஒன்று குறைந்தால்? அதற்குப் பிந்திய எதுவும் உதவாது.

தினமும் முஹ்ஸின் சேரின் போனுக்கு ‘கொப்பி சரி’ என்று செய்தி வரும். நாங்களெல்லாம் நிம்மதியாக இருந்தோம். அவர் இருந்தாரா? ஒரு வெள்ளிக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே கிளைக்கு வந்தார். தொழுகை நேரம் என்பதால் கிளை பூட்டியிருந்தது. பொறுப்பாளர் ஜெஸீமா வந்து திறந்தார். உள்ளே சேர்வர் செத்துக் கிடந்தது!

“என்ன ஜெஸீமா இது?”

“பூட்டக்குள்ள மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணித்தானே சேர் போற. நெருப்புக் கிருப்புப் பத்தினா யாரு பதில் சொல்ற?”

ஜெஸீமா மீது பிழையா? கடையைப் பூட்டும்போது மெயினை நிறுத்துவது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். வேடிக்கை அதுவல்ல. செத்த சேர்வரின் முன்னால் நாங்கள் நிற்கும்போதே சேருடைய போன் கிணுங்கியது. ‘கொப்பி சரி!’

“பாத்தீங்களா ரமேஸ்? அனுப்பினேண்டு மட்டும்தான் இது சொல்லுது. கெடச்சிதாண்டு கேக்கவே இல்ல.”

அனுப்பியதாக நினைத்து, பல்லேகல சேர்வர் இங்கே அழித்தும் இருந்தது. அன்றே புதிதாக முழுப் பெக்அப் எடுத்தார். அங்கே போய்ச் சேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை எதையும் அழிக்காதபடி மாற்றினார். அதையும் நம்பினாரா? நம்பவில்லை! ஒவ்வொரு வெள்ளியும் கிளைக்குப் போய், வந்தவற்றை ஒரு பழைய கணினியில் ஓட்டி, ஒரு நோயாளியின் ரிப்போட்டைத் திறந்து கண்ணால் பார்த்தார். வேனில் காத்திருந்து சலித்து, “கலியாணம் கட்டவும் இப்படித்தான் விசாரிச்சீங்களா சேர்?” என்று கேட்டேன். “நான் இல்ல, பொண்ணு வீட்டாக்கள்” என்றார்.

கடந்த மழைக்காலத்தில் பல்லேகல சேர்வரின் டிஸ்க் பழுதானது. அந்த நேரம் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த பாப்பம்மா அக்கா, மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய மகனோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். எந்த இரத்தம் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பழைய ரிப்போட்டை டொக்டர் எங்களிடம் கேட்டார். கட்டுகஸ்தோட்டையில் இருந்தது. முழுதாக இருந்தது. பிள்ளை பிழைத்தான். யாரால்? ஒரு சந்தேகக்காரரால்!

பணிப்பாளர் அவர்களே, கோபிக்க வேண்டாம். நேற்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: “கொப்பியப் பாக்கப் புது சொஃப்ட்வெயார் போட்டாச்சு ரமேஸ். பச்சை லைட் எரியுது. இனி என்னத்துக்கு வெள்ளிக்கிழம வேன்?” முஹ்ஸின் சேர் மௌத்தாகி மறைந்த பிறகும் அந்த லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. யாராவது ஒரு கோப்பையேனும் திறந்து பார்த்தோமா? சபையைக் கேட்கிறேன், பார்த்தோமா?

நானும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதமும் இரத்தம் ஏற்ற வேண்டும் ஐயா. வேன் சாவியைத் தாருங்கள். கணினிப் பிரிவு ஷஹ்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வெள்ளியும் போவோம், ஒவ்வொரு வெள்ளியும் போவோம், திறந்து பார்ப்போம். பார்த்துவிட்டு வந்து ‘எல்லாம் சரி’ என்று நான் சொன்னால், தயவுசெய்து என்னை நம்பாதீர்கள். உங்களில் ஒருவர் கூடவே வந்து பாருங்கள்.