இடுப்புப்பட்டிக்குள் ஒரு நம்பர்

“கொடியில கிடந்த எங்க துணிய எதுக்குப் புரட்டிப் பார்த்தீங்க?” என்று மேல்வீட்டுக்காரி மொட்டைமாடியில் நின்று கத்தினாள்.

“மழை வருதேன்னு எடுத்து வெக்கப் போனேன்மா” என்றேன். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் கிடையாது. அது வேறு விஷயம்.

“காலரைத் திருப்பிப் பார்த்தாத்தான் மழை நிக்குமா?” என்று அவள் கேட்டதும், வேடிக்கை பார்க்க வந்த மூன்று வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

அதோடு அவள் விட்டிருந்தால் நீங்களும் நானும் இன்று இந்த அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம், சார். அவள் விடவில்லை. “பெத்த பிள்ளையே உங்க தொல்லை பொறுக்காம, விலாசம்கூடச் சொல்லாம ஓடிட்டானாமே. எங்களையாவது நிம்மதியா விடுங்க” என்றாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வந்து பதினொரு பொத்தான் காஜா எடுத்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்க அறையில் இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன். பின்கதவுச் சாவியும் என் பொறுப்புதான். எல்லோரும் என்னைக் கேமரா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நாலு பேர் நடமாடும் இடத்தில் யாராவது ஒருத்தர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

இந்தக் குடும்பம் மூன்று மாதம் முன்பு வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஏழு வயதுப் பெண் குழந்தை, மூன்றே பைகள். தபால் பெட்டியில் பெயர் ஒட்டவில்லை. குழந்தையிடம் பெயர் கேட்டால் திங்கட்கிழமை ஒன்று சொல்லும், புதன்கிழமை வேறொன்று சொல்லும். கொடியில் காயும் துணி ஒன்றிலும் லேபிள் இல்லை; எல்லாம் பிளேடால் வெட்டி எடுத்திருந்தது. தன் துணிக்கு ஊர் தெரியக் கூடாது என்று யார் சார் நினைப்பார்கள்?

சண்டை நடந்து இரண்டு நாள் கழித்துப் புருஷன்காரன் வந்தான், கையில் ஒரு பேண்ட்டோடு. “அவ பேசினத மனசுல வெச்சுக்காதீங்கக்கா. பயந்த சுபாவம். இது இடுப்புல நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க” என்றான். மூன்று மாதத்தில் இரண்டு அங்குலம் இளைத்திருந்தான்.

இடுப்புப்பட்டியைப் பிரித்தேன். பழைய தையற்காரர்கள் சிலருக்கு ஒரு வழக்கம் உண்டு. துணி மாறிப் போகாமலிருக்க, கடை முத்திரை குத்திய துண்டு ஒன்றைப் பட்டியின் உள்மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். போட்டுக்கொள்கிறவனுக்கே தெரியாது. லேபிள் எல்லாவற்றையும் வெட்டியவர்கள் இதை எப்படி வெட்டுவார்கள்? கடைப் பெயர், ஊர், போன் நம்பர், மூன்றும் பளிச்சென்று இருந்தன.

போன் செய்தேன். தொழில்காரி தொழில்காரரிடம் பேசுவதில் தப்பில்லை. போனை எடுத்த தையற்காரப் பெரியவர் முதலில் மென்று முழுங்கினார், பிறகு சொல்லிவிட்டார். இவன் ஒரு லாரி டிரைவர். முதலாளியின் மகன் ஓர் ஆளை அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவன். அடுத்த மாதம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை உயிரோடிருக்கத்தான் ஊர் ஊராக ஓடுகிறார்கள்.

“முதலாளி ஆளுங்க எங்கிட்ட விசாரிச்ச நம்பர் இது. இதுலேருந்து யாராவது பேசினா, பார்க்கவே இல்லன்னு சொல்லிடும்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்” என்று ஒரு நம்பரைச் சொன்னார். எச்சரிக்கைக்காகச் சொன்னது. நான் அதைச் சாக்கட்டியால் வெட்டுமேசையில் குறித்துக்கொண்டேன். அப்போது குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. சாம்பல் நிறக் கார் ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. அதை மாடியிலிருந்து அவள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் மூவரும் என் அறையில் நின்றார்கள். குழந்தை ஒரு காலில்தான் செருப்புப் போட்டிருந்தது.

“அக்கா, பின்கதவுச் சாவி குடுங்க. சீக்கிரம்.”

“இரும்மா, தேடறேன்.”

மேசை டிராயரைத் திறந்தேன். பொத்தான் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். “எல்லாருமா எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டேன். கேட்பது ஒரு மரியாதைதானே.

“அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. உங்க கால்ல வேணா விழறேன். சாவியக் குடுங்க.”

“சாவி இங்கதாம்மா எங்கயோ இருக்கு. பதறாத.”

வெளியே கார்க் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் குழந்தையின் தலையைத் தொட்டான். “அவங்களுக்கு நான் மட்டும் போதும்” என்று அவளிடம் சொன்னான். முன்வாசல் வழியாக நடந்து போனான், ஓடவில்லை. நான் பிடித்துக்கொடுத்த பேண்ட் இடுப்பில் கச்சிதமாக நின்றது.

கார் கிளம்பிப் போனதும் சாவி கிடைத்துவிட்டது. அளவு நாடாவோடு சேர்ந்து என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கல்குவாரித் தண்ணீரில் அவன் மிதந்ததாகச் சொன்னீர்கள். முகம் அடையாளம் தெரியவில்லையாம். அந்தத் துண்டை வைத்துத்தான் பெரியவரைப் பிடித்து, அவர் மூலம் என்னிடம் வந்திருக்கிறீர்கள். அதை நான் மறுபடி உள்ளேயே வைத்துத் தைத்திருந்தேன். இன்னொருவர் அடையாளத்தை எடுத்துப் போடுவது தொழில் தர்மமில்லை.

ஆமாம், அந்த நம்பருக்குப் போன் செய்தது நான்தான். சண்டைக்கு நாலாம் நாள் காலை. இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, எங்கள் கட்டடத்து விலாசம், இரண்டாவது மாடி. இன்னொன்று, பின்கதவுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். யாரும் மிரட்டவில்லை, எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று ஒருத்தர் தவிக்கும்போது, தெரிந்தவர் சொல்வதுதானே மனிதத்தன்மை? அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும்.

சாட்சி இல்லாமல் வழக்கு படுத்துவிட்டது. முதலாளி மகனுக்குப் போன வாரம் கல்யாணமாம். மேல்வீட்டுக்காரி குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் மறுபடி வீடு மாறியிருக்கிறான். நேற்று என் கைதுக்கான உங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தவன், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மடங்கியிருந்த அவன் காலரை நான்தான் எழுந்து சரிசெய்தேன். நீங்கள்கூடப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அவன் போட்டிருந்தது புதுச் சட்டை. காலரில் தையல்கடை லேபிளை வெட்டவில்லை. ஊரும் நம்பரும் எனக்கு மனப்பாடம். உங்கள் போனை ஒரு நிமிஷம் கொடுத்தால் போதும், சார். சும்மா விசாரிக்கத்தான்.