மடியில் விழுந்த பந்து

வெயில் காலத்தில் எங்கள் ஊரில் எட்டு மணிக்கு மேல் திறந்தவெளியில் நிற்க முடியாது, ஐயா. மலையே சுட ஆரம்பித்துவிடும். அதனால்தான் எங்கள் டாக்டர் சக்கரவர்த்தி ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் விடியாததுமாகக் கோல்ஃப் ஆடக் கிளம்பிவிடுவார். நீங்கள் விசாரிக்க வந்தது ஆஸ்பத்திரிக் கணக்கில் குறைகிற ரேடியம் ஊசியைப் பற்றி. ஆனால் பந்திலிருந்து ஆரம்பித்தால்தான் ஊசிக்கு வந்து சேர முடியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

திருவண்ணாமலையில் கோல்ஃப் மைதானம் ஏது என்பீர்கள். மைதானம் கிடையாது. அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் அது காய்ந்து கிடந்தது. டாக்டருக்கு இந்த ஆட்டம் சீமையில் படித்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம். காய்ந்த ஏரிக்குள் நின்றுகொண்டு மட்டையைச் சுழற்றுவார், பந்து எங்கேயாவது போய் விழும். ஏரியைச் சுற்றி வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. உள்ளே போன பந்து போனதுதான். எல்லாம் சீமைச் சரக்கு, இங்கே தேடினாலும் கிடைக்காது. ஒரு பந்து தொலைந்தால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் அர்ச்சனை நடக்கும். நர்ஸ் ரேணுகாம்பாள் உள்ளே நுழையும் முன் என்னிடம்தான் விசாரிப்பாள், "பந்து இருக்குதா, போயிடுச்சா?" என்று. போய்விட்டது என்று தலையாட்டினால் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

நான் அங்கே ரேடியம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புற்றுநோய்க் கட்டிக்குள் குத்திவைக்கிற ஊசிகள் அவை. தீக்குச்சியில் பாதி நீளம்தான் இருக்கும். உள்ளே இருக்கிற ரேடியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துகொண்டே இருக்கும், கட்டியைப் பொசுக்கும். அதிக நேரம் வைத்தால் நல்ல சதையையும் விடாது. அதனால் இடுக்கியால்தான் எடுப்போம், ஈயப் பெட்டியில்தான் வைப்போம். ஊசி எங்கேயாவது தவறிவிட்டால் தேடுவதற்கென்று ஒரு கருவி உண்டு. ஊசி இருக்கும் திசையில் பிடித்தால் டிக் டிக் என்று சத்தம் வரும், நெருங்க நெருங்க ஜாஸ்தியாகும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் டிக்டிக் பெட்டி.

ஒரு தடவை, பிரித்த கட்டோடும் பஞ்சோடும் ஒரு ஊசி குப்பைக்குப் போய்விட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த குப்பைமேட்டுக்குப் போய் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். டாக்டர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பெற்ற அப்பன்கூட என்னைத் தட்டிக்கொடுத்தது கிடையாது, ஐயா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரியில் இரண்டு பந்து போனது. டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "குப்பைமேட்டுல ஊசியைக் கண்டுபிடிச்சியே அருணகிரி, ஏரியில ஒரு பந்தைக் கண்டுபிடிக்க உன் பெட்டியால முடியாதா?" அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை. பந்து சத்தம் போடாது. ஆனால் சத்தம் போடவைக்கிற பொருள் என் அறையில்தான் இருந்தது.

நுனி வளைந்துபோன ஒரு ஊசியை உபயோகமில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தோம். அதைத்தான் எடுத்தேன். நோயாளிகளுக்குப் போக வேண்டியதில் நான் கைவைக்கவில்லை, அதற்கு என் மனசாட்சி இடம் தராது. பந்தில் துளை போட்டு, ஊசியை இறக்கி, அரக்கால் அடைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட் பூசினேன். டாக்டருக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவர் அடிப்பார், நான் பெட்டியோடு நடப்பேன். முள்ளுக்குள் கிடந்தாலும், மண் வெடிப்புக்குள் விழுந்திருந்தாலும் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சத்தம் மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் ஒரே இரைச்சலாக மாறும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. டாக்டர் என்னை மந்திரவாதி என்று கூப்பிட ஆரம்பித்தார். பந்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை இதில் இழுக்க வேண்டாம்.

பங்குனி கடைசியில் ஒரு ஞாயிறு, பந்து கரையைத் தாண்டிப் போய்விட்டது. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஏழு கன்னிமார் கற்களும் இருக்கின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது கற்களின் மேல் மஞ்சள் ஈரமாக இருந்தது, கற்பூரம் புகைந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. பெட்டியில் சத்தம் கம்மியாக இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நிற்க, அது இன்னும் கம்மியாகிக்கொண்டே போனது. அப்போதுதான் உறைத்தது. பந்து நடந்துபோய்க்கொண்டிருந்தது.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கரைக்கு அப்பால் இருந்த கிராமத்துக்குள் போனேன். பஞ்ச காலம் இல்லையா, ஜனங்கள் என்னைக் கிணற்றுக்குத் தண்ணீர் பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் கொல்லையிலும் பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் மறுக்கவில்லை, அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. கடைசித் தெருவில் சடையன் என்கிறவனுடைய வீட்டு வாசலில் பெட்டி கதற ஆரம்பித்தது. சடையன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடியானவன். அவன் பெண்சாதி ஆதிலட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். அவள் வாசற்படிக்கு வர வர இரைச்சல் ஏறியது. பந்து அவள் மடியில் இருந்தது.

அவளுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் சாமிக்கு முன்னால் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மடிப்பிச்சை என்பார்கள். முந்தானையில் ஒரு பூவோ எலுமிச்சம்பழமோ விழுந்தால் போதும், சாமி கொடுத்துவிட்டது என்று மடியில் கட்டிக்கொள்வார்கள். அன்று காலை அவள் கன்னிமாருக்கு முன்னால் அப்படித்தான் நின்றிருக்கிறாள். டாக்டர் அடித்த பந்து வேப்பங்கிளையில் பட்டு நேராக அவள் முந்தானையில் விழுந்திருக்கிறது.

அது எங்கள் டாக்டர் விளையாடுகிற பந்து, கொடுத்துவிடு அம்மா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"வெளையாடற பந்து கோயிலாண்ட எதுக்குண்ணா வருது? அதுவும் நான் கேட்டுக்கினு நிக்கற நேரத்துல?"

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சொன்னால் அவள் நம்ப வேண்டும், அதற்குச் சடையன் நம்ப வேண்டும், பிறகு ஊர் கூடும், டாக்டர் காதுக்குப் போகும். ஊசியை எடுத்தது நான் என்று ஆகும். என் வேலை போகும், ஆஸ்பத்திரியின் பெயர் கெடும், அதை நம்பி வருகிற எத்தனையோ நோயாளிகள் நடுத்தெருவில் நிற்பார்கள். ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் அத்தனை பேர். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். டாக்டரிடம் பந்து பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன். போனால் போகிறது, வேறு பந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்கு நல்ல மனநிலை.

நான் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தேன். மறுவாரம் புதுப் பந்து ஒன்றைக் கொண்டுபோய் மாற்றிக்கொள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். சாமி கொடுத்ததை யாராவது மாற்றுவார்களா என்றாள். தூங்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை என்று சடையன் பெருமையாகச் சொன்னான். மூன்றாம் வாரம் இடுப்பில் தோல் சிவந்து எரிகிறது என்றாள். மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல களிம்பாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே பக்கம் கட்டாதே, வலது பக்கம் கொஞ்ச நாள், இடது பக்கம் கொஞ்ச நாள் என்று மாற்றிக் கட்டிக்கொள் என்று புத்தி சொன்னேன். சொன்னபடியே செய்தாள். எந்தப் பேச்சையும் தட்டாத பெண்.

சித்திரை முடிந்தபோது அவளுக்கு வாந்தி ஆரம்பித்தது. மாதவிலக்கும் நின்றுவிட்டது. சடையன் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தான். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், பந்து மாதிரிப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேலி பேசினாள். நான் போனபோது ஆதிலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அப்படி ஒரு வெளிச்சம் அதில். சடையன் கொல்லைப் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நீங்க ஆஸ்பத்திரில இருக்கறவரு. உங்களுக்குத் தெரியும். இது அதானே?"

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரேடியத்தை அடிவயிற்றில் வைத்தால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். உதிரப்போக்கு நிற்காத பெண்களுக்கு டாக்டர் அதற்காகவே வைப்பார். அதன் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்காது. எத்தனையோ பேருக்கு நானே ஊசி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவள் எதைக் கேட்கிறாள், என்ன நடந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

"அதேதாம்மா," என்றேன்.

வேறு என்ன சொல்ல? அவள் முகத்தைப் பார்த்தபடி இல்லை என்று சொல்ல எந்த மனுஷனுக்கும் மனசு வராது. அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் தெருவுக்கு இறங்கிவிட்டேன்.

ஆடியில் இரண்டு பக்கமும் புண்ணாகிவிட்டது. களிம்புக்கு ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று சடையன் கேட்டான். டாக்டர் பார்த்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார், இது ரேடியம் சுட்ட புண் என்று. வயிற்றுப் பிள்ளைக்காரியை ஊசி மருந்து என்று அலைக்கழிக்க வேண்டாம், சாமி கொடுத்ததைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. புரட்டாசியில் காய்ச்சல் கண்டு படுத்தாள். வயிறு ஏன் பெரிதாகவில்லை என்று யாரோ கேட்டதற்கு, சில பேருக்கு உள்வயிறாக இருக்கும் என்று அவளே சமாதானம் சொன்னாளாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஏரிக்குத் தண்ணீர் வந்த வாரத்தில் இறந்துபோனாள்.

பிள்ளையோடு போனவள் என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள். மடியை அவிழ்க்கப்போன பெண்களைச் சடையன் விடவில்லை. "அது அவ கேட்டு வாங்கினது, அவகூடவே போவட்டும்" என்றான். வயிற்றில் பிள்ளையோடு செத்தவளுக்கு வைக்கிற வழக்கப்படி, மலை சுற்றுகிற பாதையில் அவள் பேரில் ஒரு சுமைதாங்கிக் கல்லும் நட்டான். பௌர்ணமிக்கு வருகிற ஜனங்கள் அதன் மேல் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுகிறார்கள். இல்லாத பிள்ளைக்கு வைத்த கல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை, சடையனுக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்றுதான்.

ஊசி எங்கே என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஊருக்கு வடக்கே இடுகாடு, ஓடைக்கு இந்தப் பக்கம். பெட்டியைக் கொண்டுபோனால் அதுவே காட்டிக்கொடுக்கும். ரேடியம் லேசில் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. தோண்டுகிறவர்களிடம் இடுக்கி கொடுத்து அனுப்புங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்திருந்தும் விட்டாயா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். தெரியாது, ஐயா. உறுதியாகத் தெரியாது. ஒரு ஊசி, அதுவும் வளைந்த ஊசி, பந்துக்குள் இருப்பது என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். சந்தேகத்தின் பேரில் ஊரைக் கலக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் நிலையில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

யாரையாவது எச்சரித்தாயா என்றால், எச்சரித்தேன், ஒருத்தரை. அந்த வைகாசியில் என் மனைவி சரோஜா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். ஆதிலட்சுமியின் பந்தைத் தொட்டுக் கும்பிட்டால் சுகப்பிரசவம் ஆகும் என்று ஊரில் பேச்சு கிளம்பி, பெண்கள் வரிசையாகப் போய்த் தொட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். சரோஜாவும் பூ வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பூவைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொன்னேன். நான் அவளிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பயந்துபோய், அவள் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. பெண் பிறந்தாள், ஐயா, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கிறாள்.