சுழலாத திருகு

ஃபிலிம் காமிராவில் எனக்குப் படத்தைவிட ஃபிலிமை நகர்த்தும் லிவர்தான் பிடிக்கும். கட்டைவிரலால் அதை இழுக்கும்போது உள்ளே பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறுவது விரலுக்குத் தெரியும். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் இரும்போடு புழங்கிய கை என்னுடையது. அதற்கே அது சுகமாக இருக்கும்.

அந்தக் காமிரா என்னுடையது அல்ல. ஸ்ரீரங்கத்தில் வங்கி வேலை பார்க்கும் லக்ஷ்மணன், இறுகிப்போய்க் கிடந்த அதைப் பழைய சாமான் கடையில் வாங்கி என்னிடம் கொடுத்தார். மூன்று மாதம் காட்டூரில் என் வீட்டில் பிரித்துப் போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, அதற்கு உயிர் கொடுத்தது நான். திருப்பிக் கொடுத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு ஃபிலிம் மாட்டக்கூட வராது, ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

போன ஆவணியில் அவர் மனைவி ரெங்கநாயகிக்கு இருதய ஆபரேஷன். முந்தின நாள் காலையில் வந்தார்.

"சவரி சார், ஒரு ரோல் மாட்டிக் குடுங்கோ. செல்போன்ல எடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறா. இந்தக் காமிரான்னா மட்டும் சிரிக்கறா."

அந்தச் சிரிப்பில் என் மூன்று மாத உழைப்பும் இருந்தது. அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஃபிலிமின் நுனியை எதிர்ச் சுருளின் பள்ளத்தில் அழுத்திச் செருக வேண்டும். நான் சும்மா மேலே வைத்து மூடினேன். அப்படி வைத்தால் முதல் இழுப்பிலேயே நழுவிவிடும். ஒரு படமும் பதியாது, காமிராவில் படத்தின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அன்றைக்கே காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் அந்த அம்மாள் உட்கார்ந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஃபிலிம் ஓடினால் காமிராவின் இடது ஓரத்துத் திருகும் சேர்ந்து சுழலும். லக்ஷ்மணன் லிவரை இழுத்த முப்பத்தாறு தடவையும் பார்த்தேன், ஒரு தடவையும் அசையவில்லை. ரெங்கநாயகி அம்மாள் நன்றாகத்தான் சிரித்தார்கள். நடுவில் என்னைப் பார்த்து, "நீங்களும் ஒண்ணுல நில்லுங்கோளேன் அண்ணா" என்றார்கள். போய் நின்றேன்.

மறுநாள் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார்கள்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு லக்ஷ்மணன் காமிராவைக் கொண்டுவந்தார். ஃபிலிமைக் கழுவி, வெறுமையாக இருந்ததை அவரிடம் காட்டினேன்.

"லிவரை வெடுக்குன்னு இழுத்திருக்கீங்க சார். நுனி நழுவிடுச்சு."

தன் வலது கட்டைவிரலை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காமிராவை என் பக்கம் தள்ளினார். "இனிமே இதை நான் தொட மாட்டேன். நீங்களே வெச்சுக்கோங்கோ."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். கொஞ்சம் மெதுவாக இழுத்திருந்தால் அவள் முகம் கிடைத்திருக்குமா என்று கேட்டு அழுகிறார். "விடுங்க சார், கை தவறுறது யாருக்கும் சகஜம்தான்" என்று தோளைத் தட்டிக்கொடுக்கிறேன். பாவம், இந்த ஆறுதலைச் சொல்ல என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்.