உழவாரன் குகைக்குக் காவல்

உழவாரக் குருவிக்கு மரக்கிளையில் உட்காரத் தெரியாது. கால் அத்தனை குட்டை. பாறையில் தொற்றிக்கொள்ளத்தான் உதவும். பகலெல்லாம் பறந்தபடியே பூச்சி பிடிக்கும், இருட்டினால் குகைக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே நாக்கைச் சொடுக்குவது போல ஒரு சத்தம் போடும். அது பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும். எச்சிலால் கூடு கட்டிப் பாறையில் ஒட்டும். இட்டால் இரண்டு முட்டை, அவ்வளவுதான்.

என் குகையில் இப்போது ஒரு கூடுகூட இல்லை. அந்தத் திருட்டைப் பற்றிப் புகார் கொடுக்கத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். முன்பு அங்கே யார் காவலுக்கு இருந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும், சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் பாறை பிளந்த இடத்தில் குகை. கம்பெனியில் உட்கார்ந்தால் லோடு, ஆர்டர், லைசென்ஸ் என்று மண்டை காயும். குகை வாசலில் போய் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகும். பெண்டாட்டி பிள்ளைகள் மேல்கூட நான் அத்தனை பிரியம் வைத்ததில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோப்புக் காவலுக்கு ஊர்க்காவலன் என்று ஒருவன். பெண்டாட்டி முருகம்மாள், ஒரே மகள் ஓவியா. அந்தப் பிள்ளைக்கு இளைப்பு நோய். மூச்சு முட்டினால் உதடு நீலம் பாய்ந்துவிடும். போன ஆடியில் குகைக்குள் டார்ச் அடித்தபோது நாலைந்து கூடுகளைக் காணோம். சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. நேராக அவன் குடிசைக்குப் போனேன். அடுப்புச் சட்டியில் கூடு வெந்துகொண்டிருந்தது.

"என்னலே இது?" என்றேன்.

"புள்ளைக்கு மருந்து மொதலாளி. இந்தக் கூட்டக் கசாயம் வச்சுக் குடுத்தா இளைப்பு அடங்கும்னு சொன்னாக. நேத்துத்தான் அசந்து ஒறங்குனா. அது வந்து மொதலாளி, நான் எடுத்தது..."

கையைக் காட்டி நிறுத்தினேன். சாக்குப்போக்குக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. "இனிமே குருவிப் பக்கம் போகாத. டவுன்ல நல்ல மருந்தா நானே வாங்கித் தாரேன்" என்றேன். கண் கலங்கிக் கும்பிட்டான். அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன். எச்சிலைச் சேர்த்துச் சேர்த்து ஒட்டிய வீட்டை முட்டையோடு பெயர்த்துச் சட்டியில் போட்டவனை வேறு என்ன செய்வது? முட்டையை நான் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை. சில ஜோடிகள் ஆடியிலும் அடைகாக்கும்.

எங்கள் தொழிலில் வெடிமருந்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருந்து, அவ்வளவுதான். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் தானாகச் சூடேறிக் கிடக்கும், தொட்டாலே போதும். வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆன பெண்ணுக்கும் இது தெரியும். தோப்பிலேயே கிடந்த ஊர்க்காவலனுக்குத் தெரியாது.

ஒரு நாள் மாலை, மிச்சத்தை மூன்றாம் அறையில் வைத்து நானே பூட்டினேன். மறுநாள் காலையில் அவனைக் கம்பெனிக்கு வரச் சொன்னேன். போர்மேன் சங்கிலிமுத்து பக்கத்தில் நின்றார். "ஏலே, மூணாம் ரூம்ல பொட்டிக்குப் பின்னால மருந்து இருக்கு, போய் எடு" என்று சாவியைக் கொடுத்தேன்.

"நீங்க நல்லா இருக்கணும் மொதலாளி" என்றான். சங்கிலிமுத்துவுக்கு அது ஏன் என்று புரியவில்லை. அவர் கேட்ட மருந்து வேறு, இவன் கேட்ட மருந்து வேறு. ஊர்க்காவலன் நடக்கவில்லை, ஓடினான். செருப்பைக் கழற்றவில்லை, உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடவில்லை. மகளுக்கு மருந்துப் பாட்டில் எடுக்கப் போகிறவன் அதையெல்லாம் ஏன் செய்யப்போகிறான்? "மொதலாளி மருந்து எடுக்கத்தான் சொன்னாக, இவன் செருப்போட ஓடுனான்" என்று சங்கிலிமுத்து விசாரணையில் சொன்னார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று உங்கள் ஆட்களே கேஸை முடித்தார்கள்.

சத்தம் கேட்டபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் கூரை இல்லை. அவன் கை ஒன்று வேலிக் கருவேலத்தில் கிடந்தது, சாவி விரலிலேயே இருந்தது. அடுத்த அறையில் திரி செருகிக்கொண்டிருந்த மூக்கம்மாள் மேல் சுவர் விழுந்துவிட்டது. தலை இருந்த இடத்தில் செங்கல்தான் இருந்தது. அவளோடு வேலை செய்த ரோஜா எரிந்துகொண்டே என்னிடம் நடந்து வந்தாள். "தண்ணி மொதலாளி" என்றாள். கொண்டுவரச் சொன்னேன், வருவதற்குள் செத்துவிட்டாள். அவர்கள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். சீசன் நேரத்தில் எல்லா அறையிலும் ஆள் இருக்கத்தான் செய்யும்.

பிணவறை வாசலில் முருகம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்ட எடுத்த பாவமா மொதலாளி? குஞ்சு பறந்துபோன கூட்டத்தான அவுக எடுத்தாக. முட்டை கெடந்தா கிட்டக்கூடப் போகமாட்டாக. களவாங்க வாரவனுகள வெரட்ட குகை வாசல்லதான படுத்துக் கெடந்தாக. அம்புட்டு உசுரு உங்க குருவி மேல."

துக்கத்தில் எதையோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். குடிசை புதுக் காவலாளுக்கு வேண்டியிருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாரணாபுரத்துக்கு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். தை பிறக்கும் முன்பே ஓவியா மூச்சு முட்டிச் செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டேன். அது என் கணக்கில் வராது.

புதுக் காவலாள் வெள்ளைத்துரை குடித்துவிட்டுத் தூங்குகிறவன். இந்தச் சித்திரையில், குருவிகள் அடைகாக்கும் நேரத்தில் போனேன். சுவர் மொட்டையாக இருந்தது. கண் திறக்காத குஞ்சுகள் தரையெல்லாம் நசுங்கிக் கிடந்தன, எறும்பு மொய்த்திருந்தது. உயிரோடிருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன், கையிலேயே அடங்கிவிட்டது. அங்கேயே மண்டியிட்டு அழுதேன். என் தகப்பனார் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

மூன்று பேரையும் நான்தான் கொன்றேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில் அந்தக் கூட்டுத் திருட்டை எழுதுங்கள். நல்ல காவலாள் ஒருவன் எனக்குக் கிடைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.